மலைக்குக் காவல் மலையடி மக்களே

(மதுரை ஜில்லா மேலூர் வட்டாரத்தில் மலைகளையும் கல்வெட்டுகளையும் கண்மாய்களையும் பாதுகாக்க முன்வந்த தொண்டர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



விடிந்ததிலிருந்து வேலை செய்து களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாதையில் மண்டிக் கிடந்த முள்ளை வெட்டினோம். குகைத்தளத்தில் கிடந்த புட்டிகளையும் குப்பைகளையும் சாக்கில் கட்டிக் கீழே இறக்கினோம். அப்போது ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நம்மை நிறுத்திக் கேட்டார்: “ஏனப்பா, கூலியில்லாமல் இந்த வேலை எதற்கு? கல்லில் எழுதியிருக்கிறது சோறு போடுமா?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆயுள் பூராவும் கூலிக்கு உழைத்த மனிதர் நியாயமாகத்தான் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் நாம் கலைந்து போகக்கூடாது.

யாருடைய பெயர் அங்கே இருக்கிறது?

சரித்திரம் என்றால் ராஜாக்களின் கதை என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கிடாரிப்பட்டிக்கு அருகே அழகர்மலைக் குகையில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழி எழுத்தில் வெட்டிய பெயர்களைக் கேளுங்கள். அங்கே ஓர் உப்பு வணிகர் இருக்கிறார். மதுரையைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லர் இருக்கிறார். ஒருவர் அறுவை வணிகர், அதாவது துணி விற்றவர். இன்னொருவர் கொழு வணிகர். கொழு என்றால் என்ன என்று உழவனுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஏர்முனை விற்றவர் அவர்.

மில்லில் நூல் நூற்கும் தோழரே, உமது தொழிலின் சரக்கை விற்றவர் பெயர் அந்தப் பாறையில் இருக்கிறது. வயலில் உழும் தோழரே, உமது கலப்பைக்கு இரும்பு தந்தவர் பெயரும் அங்கே இருக்கிறது. துறவிகள் தங்குவதற்காக அவர்கள் செய்த தர்மத்தை அந்த எழுத்துக்கள் சொல்கின்றன. துணியை நெய்தவன் பெயரும், கொழுவை அடித்த கொல்லன் பெயரும், அந்தப் பாறையில் உளி பிடித்தவன் பெயரும் அங்கே இல்லை. ஆனால் அவர்கள் கைவேலை இல்லாமல் அந்த வணிகர்களும் இல்லை, அந்த எழுத்தும் இல்லை.

மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் இருக்கிறது. அவனுடைய அதிகாரி ஒருவன் துறவிக்குப் பள்ளி வெட்டுவித்த செய்தி இருக்கிறது. வெள்ளறை ஊர் வணிகர் சங்கத்தின் பெயரும் அங்கேயே இருக்கிறது. அந்தக் கல்வெட்டுகளை ராபர்ட் சிவெல் என்ற ஆங்கில அதிகாரி 1882-ல் கண்டார். ஆனால் உடனே படிக்க முடிந்ததா? இல்லை. இத்தகைய எழுத்துக்கள் தமிழே என்று கே.வி.சுப்பிரமணிய ஐயர் 1924-ல் எடுத்துக்காட்டினார். அதில் பாண்டியன் பெயர் இருக்கிறது என்பதை ஐராவதம் மகாதேவன் நிலைநாட்டியது 1960-களில். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்தக் கல் காத்திருந்தது. இடையில் யாராவது ஒரு கண்ட்ராக்டர் அங்கே ஒரு வெடி வைத்திருந்தால்? படிக்க எழுத்தும் இருந்திராது, சாட்சிக்குக் கல்லும் இருந்திராது.

கல் கொடுக்கும் சோறு

“சரி, சோறு?” என்று பெரியவர் கேட்பார். அதற்கும் பதில் உண்டு.

அரிட்டாபட்டியைப் பாருங்கள். ஏழு சிறு மலைகள். பாறையில் விழும் மழை சுனைகளில் தேங்கி, ஓடைகளில் இறங்கி, கண்மாய்களுக்கு வருகிறது. சர்க்காரின் கணக்கே 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று சொல்லுகிறது. ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது. மலையை அறுத்தால் சுனை போகும். கழிவுக்கல்லைக் கொட்டினால் ஓடை அடைபடும். ஓடை அடைபட்டால் கண்மாய் வறளும், கண்மாய் வறண்டால் நடவு ஏது, களையெடுப்பு ஏது, அறுப்புக் கூலி ஏது?

குவாரியும் கூலி கொடுக்கிறதே என்பார்கள். உண்மைதான். அந்தக் கூலியை நம்பிப் போன தோழர்களை நாம் குறை சொல்லவில்லை. வேறு வேலை இல்லாதபோது மனிதன் எங்கே போவான்? ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பாறையை ஒரே ஒரு தடவைதான் அறுக்க முடியும். அறுத்து முடிந்ததும் முதலாளி இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். நமக்கு மிஞ்சுவது குழி. கண்மாயோ மழை பெய்கிற வருஷமெல்லாம் வேலை கொடுக்கிறது. இந்த மாவட்டத்தில் கிரானைட் கொள்ளை எவ்வளவு பெரிதாக நடந்தது என்பதை அன்றைய கலெக்டர் சகாயம் 2012-ல் சர்க்காருக்கு எழுதிய அறிக்கை நாட்டுக்கே அம்பலப்படுத்தியது.

ஆகவே கல்வெட்டு வேறு, கண்மாய் வேறு அல்ல. இரண்டும் ஒரே மலையில் இருக்கின்றன. ஒன்றைக் காத்தால் மற்றதும் தங்கும்.

காகிதமும் வேண்டும், கால்களும் வேண்டும்

யார் காத்தார்கள்? 2010-ல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கப் போவதாகப் பேச்சு எழுந்தது. அந்த மலையில் தமிழிக் கல்வெட்டு உண்டு, சமணச் சிற்பங்கள் உண்டு, கி.பி. 770-ல் வெட்டிய நரசிங்கப் பெருமாள் குடைவரையும் உண்டு. மலையடி ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் நின்றது. அந்தச் சமயத்தில்தான் பசுமை நடை என்ற தொண்டர் அமைப்பு பிறந்தது. விடுமுறை நாளில் மதுரையிலிருந்து ஜனங்கள் குடும்பத்தோடு ஒரு மலைக்குப் போவார்கள். அறிஞர் ஒருவர் கல்வெட்டின் பக்கத்திலேயே நின்று விளக்குவார். யாருக்கும் சம்பளம் கிடையாது.

அரிட்டாபட்டியில் ஊர்க்காரர்களும் பறவை பார்க்கும் தொண்டர்களும் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். சுமார் 250 வகைப் பறவைகள், அவற்றில் அரிய வல்லூறுகள். தேவாங்கு, அலங்கு, மலைப்பாம்பு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகச் சர்க்கார் அறிவித்தது.

அதோடு கவலை தீர்ந்ததா? தீரவில்லை! இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இந்த வட்டாரத்தில் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் தோண்டும் ஏலத்தை இந்துஸ்தான் சிங்க் கம்பெனிக்கு மத்திய அரசு முடித்துக் கொடுத்தது. அந்த எல்லைக்குள் அறிவிக்கப்பட்ட தலமே இருந்தது. காகிதம் தூங்கிவிட்டது. ஜனங்கள் தூங்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்தாயிற்று.

இதில் நமக்குப் பாடம் என்ன? கணக்கும் அறிவிப்பும் இல்லாவிட்டால் “அங்கே வெறும் பாறைதானே” என்று சொல்லிவிடுவார்கள். கணக்கு மட்டும் இருந்து ஆள் இல்லாவிட்டால் அந்தக் கணக்கைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஊருக்கு ஒரு நோட்டு. நம் எல்லையில் உள்ள கல்வெட்டு, நடுகல், சுனை, கண்மாய், ஓடை, கோயில் காடு எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். எந்த இடம், என்ன நிலையில் இருக்கிறது என்று குறித்துப் படமும் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஆர்வத்தால் கெடுதல் செய்துவிடக்கூடாது. எழுத்து தெரியவில்லையே என்று சுண்ணாம்புக் கட்டியைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். பொழுது சாயும்போது சாய்வு வெயிலில் பாருங்கள், எழுத்து தானே எழுந்து நிற்கும். காதலர் பெயரும் கட்சிப் பெயரும் எழுதுகிறவர்களைத் தடுங்கள். நம் கட்சிப் பெயரானாலும் தடுங்கள்!

மூன்றாவது, வயலில் பானையோ காசோ கிடைத்தால் மேற்கொண்டு தோண்டாதீர்கள். கிடைத்த இடத்தில்தான் அதன் வயதைச் சொல்லும் சாட்சி இருக்கிறது. இடம் மாறினால் அது வெறும் ஓடு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. வியாபாரி வந்து ஆசை காட்டினால் ஊரைக் கூட்டுங்கள்.

நான்காவது, கிராம சபை நடக்கும் நாளில் கூலி போகிறதே என்று வீட்டிலும் வயலிலும் இருந்துவிடாதீர்கள். நோட்டில் உள்ளதைத் தீர்மானமாக்கி, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போதும் இங்கேதான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலையில் எத்தனை சுனை உண்டு, எது கோடையிலும் வற்றாது, எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முன்னே நடக்க வேண்டும். இளைஞர்கள் நோட்டும் பேனாவும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் வருவார்கள்.

காலை ஆறு மணிக்கு, கண்மாய்க் கரையில் கூடுவோம்.