43 வயசுல ஒரு முதல் நாள்

போன எபிசோடுக்கு அப்புறம் உங்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "எனக்கு 27 வயசு. இந்த வேலை ஒத்துவரல. இனிமே லைன் மாறினா லேட் ஆயிடுமா?" படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம் பொறாமையாவும் இருந்துச்சு. ஏன்னா நான் லைன் மாறினது 43 வயசுல. அதுவும் நானா மாறல, மாற வெச்சாங்க.

18 வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டு 15 நிமிஷம் பேசினாங்க. சாயங்காலம் ஐடி கார்டைக் கொடுத்துட்டு வெளிய வந்துட்டேன். வீட்ல சொல்லல. திங்கட்கிழமை வழக்கம்போல லேப்டாப் பையோட, டிபன் பாக்ஸோட கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல போய் உட்கார்ந்தேன். இப்படியே ஒன்பது நாள்.

சம்பளம் போனது ஒரு பக்கம். அதைவிட பெரிய பயம் வேற. யாராவது "சார் என்ன பண்றீங்க?"ன்னு கேட்டா சொல்றதுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல. பேருக்குப் பின்னாடி இருந்த கம்பெனி பேரை எடுத்துட்டா மிச்சம் என்னன்னு எனக்கே தெரியல.

கடைசியில என் மனைவியே கண்டுபிடிச்சிட்டாங்க. "ஒன்பது நாளா டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துட்டு வர்றீங்க. ஆபீஸ் போறப்போ என்னிக்காவது கழுவியிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரிதான் எல்லாத்தையும் சொன்னேன்.

அந்த நூலக நாட்கள்ல ஜூலியா சைல்ட் பத்திப் படிச்சேன். அமெரிக்காவுக்கு பிரெஞ்சு சமையலைக் கத்துக்கொடுத்தவங்கன்னு அவங்களைச் சொல்வாங்க. 1912ல பிறந்தவங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்க உளவு அமைப்புல வேலை பார்த்தாங்க. 1944ல அவங்களை அனுப்பின ஊர் எது தெரியுமா? இலங்கையில நம்ம கண்டி! உளவுன்னதும் துப்பாக்கி, துரத்தல்னு நினைச்சுக்காதீங்க. அவங்க பார்த்தது ஆவணப் பிரிவு. வர்ற ரகசியக் காகிதங்களைப் பதிவு பண்ணி, கார்டு எழுதி, கேட்டா உடனே எடுத்துக் கொடுக்கிற மாதிரி அடுக்கி வைக்கிற வேலை. தன்னோட கணவர் பாலைச் சந்திச்சதும் அந்தத் தீவுலதான்.

அப்போ அவங்களுக்குச் சமைக்கவே சரியா தெரியாது. கணவருக்கு வேலை பாரிஸுக்கு மாறினப்போ கூடப் போனாங்க. 1949ல, 37 வயசுல, அங்க ஒரு சமையல் பள்ளியில சேர்ந்தாங்க. கூடப் படிச்சவங்க எல்லாம் போர்ல இருந்து திரும்பின ஆண்கள். முதல் தடவை எழுதின பரீட்சையில ஃபெயில். திரும்ப எழுதித்தான் பாஸ் பண்ணாங்க. அப்புறம் ரெண்டு தோழிகளோட சேர்ந்து ஒரு சமையல் புத்தகம் எழுத ஆரம்பிச்சாங்க. ரொம்பப் பெரிசா இருக்குன்னு ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பிடுச்சு. அது வெளிவந்தது 1961ல. அவங்களுக்கு 49 வயசு. டிவி நிகழ்ச்சி தொடங்கினது 1963ல, அதாவது ஐம்பதுக்கு மேல.

இந்தக் கதையை வழக்கமா எப்படிச் சொல்வாங்க? "பாருங்க, எந்த வயசுலயும் ஜெயிக்கலாம்"னு முடிச்சிடுவாங்க. எனக்கு ரெண்டு விஷயம் வேற மாதிரி தெரிஞ்சுது.

ஒண்ணு, பணம். அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவங்க வீட்ல ஒரு அரசாங்கச் சம்பளம் வந்துட்டிருந்தது, கணவரோடது. எங்க வீட்டுலயும் அதேதான். என் மனைவியோட சம்பளத்துலதான் வீட்டுக் கடன் இஎம்ஐ போகுது. பையனோட ஸ்கூலை மாத்தினோம். காரை வித்துட்டோம். "துணிஞ்சு குதிச்சேன்"னு நான் பேட்டி கொடுத்தா அது பொய். கீழே ஒருத்தங்க வலையைப் பிடிச்சிட்டு நின்னாங்க. உங்களுக்கு அப்படி ஆள் இல்லைன்னா, முதல்ல வலையைக் கட்டுங்க. ஆறு மாசச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிறகு ராஜினாமாவைப் பத்தி யோசிங்க.

ரெண்டாவது, பழைய வேலை. ஒரு சமையல் குறிப்பைத் திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்து, அளவைத் திருத்தி, படிக்கிறவங்க எங்க தப்பு பண்ணுவாங்கன்னு குறிச்சு வைக்கிற பொறுமை அவங்ககிட்ட இருந்தது. கண்டியில கார்டு அடுக்கினவங்க அந்த ஒழுங்கை அங்கேயே விட்டுட்டு வரலன்னு எனக்குத் தோணுது.

நான் இப்போ ஒரு டியூஷன் சென்டர்ல ஒன்பதாவது, பத்தாவது பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பழைய சம்பளத்துல மூணுல ஒரு பங்குகூட வராது. சென்டரை நடத்துறவர் என்னைவிட 14 வயசு சின்னவர். முதல் நாள் வகுப்பு முடிஞ்சதும் தனியா கூப்பிட்டு, "சார், நீங்க போர்டைப் பார்த்தே பேசறீங்க. பசங்க பக்கம் திரும்பவே இல்ல"ன்னார். காது சூடாயிடுச்சு. 18 வருஷம் மத்தவங்க தப்பைக் கண்டுபிடிச்ச ஆளுக்கு அதைக் கேட்டுக்கிறது லேசு இல்ல.

மூணாவது வாரம் ஒரு பொண்ணு 10 − (6 − 2) கணக்குக்கு 2ன்னு எழுதியிருந்தா. சரியான விடை 6. சும்மா தப்பு போடாம, எந்த ஸ்டெப்ல உடைஞ்சுதுன்னு பார்த்தேன். அடைப்புக்குறியைப் பிரிச்சப்போ வெளிய இருந்த மைனஸை ஆறுக்கு மட்டும் கொடுத்திருக்கா, ரெண்டுக்குக் கொடுக்கல. நோட்டை முன்னாடி புரட்டினா எல்லாப் பக்கத்துலயும் அதே தப்பு. அவளுக்குக் கணக்கு வராம இல்ல, ஒரே ஒரு இடத்துல பழுது. அதைச் சரிபண்ண அரைமணி நேரம் ஆச்சு. அன்னிக்குப் பஸ்ல வீட்டுக்கு வரும்போதுதான் உறைச்சது: நான் பழைய வேலையைத்தான் பார்த்துட்டிருக்கேன். இடம்தான் வேற.

இப்போ ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன நோட்டு வெச்சிருக்கேன். எந்தத் தப்பு எத்தனை தடவை வருதுன்னு எழுதறேன். டெஸ்டிங்ல பண்ணின அதே பழக்கம்.

அதனால 27 வயசுல கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான். லேட்டா இல்லையான்னு அப்புறம் பார்க்கலாம். இன்னிக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுங்க. கம்பெனி பேரும் பதவியும் இல்லாம, தினமும் நீங்க உண்மையில என்ன செய்யறீங்கன்னு அஞ்சு வரி எழுதுங்க. "கோபமா இருக்கிற ஆளைச் சமாதானப்படுத்தறேன்." "குழம்பிக் கிடக்கிற தகவலை வரிசைப்படுத்தறேன்." இந்த மாதிரி. என்னிக்காவது ஐடி கார்டு போனாலும் அந்த அஞ்சு வரி உங்ககிட்டதான் இருக்கும். நான் அதை 43 வயசுல, வேலை போன பிறகு எழுதினேன். முன்னாடியே எழுதியிருந்தா அந்த ஒன்பது நாள் நூலகத்துல ஒளிஞ்சிருக்க மாட்டேன்.

எழுதினா எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதை எடுத்துப் பேசலாம். அப்புறம், டிபன் பாக்ஸை இப்போ தினமும் நான்தான் கழுவறேன்.