வாய் நம்முடையது, பாடம் யாருடையது?

(கே.ஜி.கண்டிகையில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பல் டாக்டர் படிப்பை எந்த மொழியில் சொல்லித் தரணும் என்பது பற்றிப் பேசப் போகிறேன். கே.ஜி.கண்டிகையில் இதைப் பேசி என்ன ஆகப் போகுது என்று நினைக்கலாம். இங்கேதான் பேசணும். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மொழியைச் சொல்லித்தான் எல்லைக்குப் போராட்டம் நடந்தது. அந்த மொழியில் சேரிப் பிள்ளை எதுவரைக்கும் படிக்க முடியும் என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ். அதற்கு மேல் பி.டி.எஸ். என்றால் இங்கிலீஷ். சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது 1953இல். எழுபது வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் வாயைத் திறக்கிற நோயாளி தமிழில் வலியைச் சொல்கிறார். குனிந்து பார்க்கிற மாணவர் இங்கிலீஷில் பரீட்சை எழுதுகிறார்.

இங்கிலீஷ் இல்லாவிட்டால் விஞ்ஞானம் வராது என்கிறார்கள். ஜப்பானில் ஜப்பானிய மொழியில், கொரியாவில் கொரிய மொழியில், ஜெர்மனியில் ஜெர்மன் மொழியில், பிரேசிலில் போர்த்துகீசிய மொழியில் பல் மருத்துவம் சொல்லித் தருகிறார்கள். அங்கே யாருடைய பல்லும் அதனால் கொட்டிப் போகவில்லை.

இந்தப் படிப்பின் பூர்வீகத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் பல் பிடுங்கியவர்கள் நாவிதர்கள். பதினாறாம் நூற்றாண்டில் அம்புருவாஸ் பாரே என்ற நாவித அறுவை வைத்தியர் லத்தீன் தெரியாமல் பிரெஞ்சில் புத்தகம் எழுதினார். பாரிஸ் மருத்துவப் பண்டிதர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1728இல் பியர் ஃபோஷார் பல் வைத்தியத்துக்கு முதல் பெரிய நூலை எழுதியதும் பிரெஞ்சில்தான். பண்டித மொழியை மீறித்தான் இந்தப் படிப்பே பிறந்தது. நம் ஊரிலும் நாவிதருக்கு மருத்துவர் என்றே பெயர்; பிரசவம் பார்த்தது அந்த வீட்டுப் பெண்கள். கைத்தொழிலாக இருந்தவரை அது இழிவு. காலேஜ் பட்டமானதும் கௌரவம். கௌரவம் வந்தபோது கத்தி கை மாறிவிட்டது, பாஷையும் மாறிவிட்டது.

தமிழால் முடியாது என்பதும் பொய். அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவராக்கினார். முதலில் இங்கிலீஷில்தான் கற்பித்தார். படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகம் தேடிப் போனார்கள். கிராமத்தில் தங்குகிற டாக்டர் வேணும் என்று 1860களில் தமிழுக்கு மாறினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம் என்று நூல்கள் வந்தன.

ஆனால் நாம் இதிலேயே மயங்கி நின்றுவிடக் கூடாது. அங்காதிபாதமும் சுகரணமும் யார் வீட்டுத் தமிழ்? பள்ளிக்கூட வாசலில் சாதி காவல் நின்ற யாழ்ப்பாணத்தில் அந்த வகுப்புக்குள் யார் உட்கார முடிந்தது? தமிழில் நடந்தது என்பதாலேயே அது நமக்காக நடந்தது ஆகாது.

நம் வாயில் இருக்கிற தமிழ் வேறு. பல் 'கூசுது' என்றால் ஒரு வலி. 'சுள்ளுனு இழுக்குது' என்றால் இன்னொன்று. 'விண்ணு விண்ணுனு தெறிக்குது, ராவெல்லாம் தூக்கமில்ல' என்றால் நோய் உள்ளே இறங்கிவிட்டது. இதைப் பிரித்துக் கேட்பதுதானே வைத்தியத்தின் முதல் படி? நம்ம பக்கத்துத் தெலுங்குக் கிழவி 'பன்னு நொப்பி' என்பாள். வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் பிள்ளைக்குத் தமிழே இரண்டாவது மொழி. தாய்மொழிக் கல்வி என்று பேசுகிறவர்கள் எந்தத் தாயைச் சொல்கிறார்கள் என்றும் கேட்போம். 'மோலார்' என்ற பெரிய வார்த்தைக்கு லத்தீனில் மாவரைக்கும் கல் என்றுதான் வேர். அவன் திருகைக்கல் விஞ்ஞானமானால் நம் கடைவாய்ப் பல் ஏன் ஆகக் கூடாது?

நான் வங்கியில் வேலை செய்கிறவன். கல்விக் கடனுக்கு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பல் மருத்துவமும் அதில் உண்டு. கதவு திறந்தது. உள்ளே போன ஒரு பெண் சொன்னாள்: 'பல்லு புரியுது சார், பக்கம் புரியல.' அந்தப் பிள்ளை தோற்றால், கோட்டாவில் வந்தது என்று பேசுவார்களே தவிர, பாஷை தோற்றது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

அதற்காக இங்கிலீஷை விடச் சொல்லவில்லை. அம்பேத்கர் இங்கிலீஷில்தான் 1930இல் வட்டமேசை மாநாட்டில் நமக்காக வாதாடினார். அந்த ஆயுதத்தைக் கீழே போடு என்பவர் தம் பிள்ளையை எங்கே படிக்க வைக்கிறார் என்று பாருங்கள். ஏழைக்குத் தமிழ் வகுப்பு, பணக்காரருக்கு இங்கிலீஷ் வகுப்பு என்றால் அது புது ரெட்டை டம்ளர். 2022இல் மத்தியப் பிரதேசத்தில் இந்தியில் மருத்துவப் புத்தகம் போட்டார்கள். இங்கிலீஷ் வார்த்தைகளை நாகரி எழுத்தில் எழுதி வைத்ததாகவே பலர் குறை சொன்னார்கள். அப்படியும் வேண்டாம்.

நாம் கேட்பது இது: ஒரே வகுப்பில், எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு மொழியிலும் விளக்கம். முதல் வருஷப் பரீட்சையில் தமிழிலும் விடை எழுத அனுமதி. பண்டிதரோடு நோயாளியையும் நாவிதர் வீட்டுக் கிழவரையும் உட்கார வைத்துச் செய்த சொல் அகராதி. இங்கிலீஷைத் தகுதி என்று பரீட்சிக்காமல், பாடமாகச் சொல்லித் தரும் வாத்தியார்கள்.

இது சலுகை இல்லை. வலியைச் சொல்கிற மொழிக்கு வைத்தியத்தைச் சொல்லவும் உரிமை உண்டு. அதைத்தான் கேட்கிறோம்.