பயணத்தில் பசிக்கும் பிள்ளை

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன் பேசிய பெரியோர்கள் மும்மணிகளைப் பற்றியும் அணுவிரதங்களைப் பற்றியும் ஆழமாக எடுத்துரைத்தார்கள். நான் பேசவிருக்கும் பொருள் அவற்றைவிட மிகச் சிறியது. ஒரு குழந்தையின் ஒரு கவளம் சோறு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கவளத்தில் நான் ஒருமுறை அறம் தவறினேன். அதைச் சொல்லவே இந்த மேடையில் நிற்கிறேன்.

நம் குடும்பங்கள் கோடை விடுமுறையிலும் டிசம்பர் விடுமுறையிலும் திருத்தல யாத்திரை செல்வது வழக்கம். சிரவணபெளகொளா, ஊர்ஜயந்தகிரி, சம்மேத சிகரம் எனப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்கிறோம். பெரியவர்களுக்கு அது யாத்திரை. குழந்தைக்கோ பழகாத ஊர், பழகாத தண்ணீர், பழகாத சோறு. வீட்டிலேயே உண்ண அடம்பிடிக்கும் பிள்ளை வெளியூரில் வாயைத் திறக்காது. அதனோடு நம் நெறிக்குரிய ஒழுங்குகளும் சேர்கின்றன. கிழங்கு கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது, தேன் கூடாது, கதிரவன் மறைந்தபின் உண்ணலாகாது. பிற குடும்பத்தார் நள்ளிரவில் பிள்ளை அழுதால் வழியில் ஏதேனும் வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பார்கள். நமக்கு அந்த வழி இல்லை. ஆகவே இந்தச் சிக்கலை நாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சிந்திக்க வேண்டியவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் நாங்கள் ஒன்பது பேர் சம்மேத சிகரம் சென்றோம். என் பேரனுக்கு அப்போது ஐந்து வயது. அவன் விரும்பி உண்பவை மூன்று: இட்லி, தயிர்ச்சோறு, நெய்யிட்ட பருப்புச்சோறு. இரயிலில் முதல் நாள் வீட்டிலிருந்து கொண்டுசென்ற இட்லியால் கழிந்தது. இரண்டாம் நாள் பாதியும் உண்ணவில்லை. மதுவனத்தில் தங்கிய விடுதியில் கோதுமை ரொட்டியும் பருப்பும் காயும் அன்போடு பரிமாறினார்கள். அந்த எண்ணெயின் மணம் அவனுக்குப் பிடிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டான்.

நம் வந்தவாசி, ஆரணிப் பக்கத்தில் டிசம்பரில் கதிரவன் மறைய மாலை 5.45 மணிக்கு மேல் ஆகும். சம்மேத சிகரமோ நமக்குக் கிழக்கிலும் வடக்கிலும் இருப்பது. அங்கே ஏறத்தாழ 5 மணிக்கே கதிரவன் மறைந்துவிடுகிறான். மறைவுக்கு இரண்டு நாழிகை முன்னதாக, அதாவது 48 நிமிடங்களுக்கு முன், உணவை முடிக்கும் வழக்கமுடைய நாங்கள் 4.10 மணிக்கெல்லாம் கையலம்பிவிட்டோம். வீட்டில் 4.30 மணிக்குத்தான் பள்ளியிலிருந்து வந்து பால் குடிக்கும் பிள்ளை அவன். அந்நேரத்தில் அவனுக்குப் பசியே எடுக்கவில்லை.

இரவு 7 மணிக்குப் பசி வந்தது. அழுதான். என் மருமகள் மெல்லிய குரலில், “அத்தை, பால் மட்டும் வாங்கிக் கொடுக்கட்டுமா?” என்று கேட்டாள். “இந்த மண்ணில் வந்தா இரவில் உண்பது? ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. அப்போதுதான் நாளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவான்” என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. பிள்ளை அழுதபடியே உறங்கினான்.

மறுநாள் அதிகாலை 3 மணிக்கு மலையேறத் தொடங்கினோம். ஏற்றம் 9 கிலோமீட்டர், மேலே தீர்த்தங்கரர்களின் திருவடிகளைச் சுற்றி வணங்க 9 கிலோமீட்டர், இறக்கம் 9 கிலோமீட்டர் என 27 கிலோமீட்டர் வழி அது. மலைமேல் உண்ணாமல் வழிபடுவது பலருடைய வழக்கம்; நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். பேரனைத் தூக்கிச் செல்ல டோலி ஏற்பாடு செய்திருந்தோம். மூன்று கிலோமீட்டர்கூடக் கடந்திருக்க மாட்டோம். பிள்ளை முகம் வெளுத்து, உடல் வியர்த்து, வெறும் வயிற்றோடு குமட்டினான். அழைத்தால் விழித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். முந்தைய நாள் நண்பகலில் உண்ட இரண்டு கவளத்திற்குப் பின் அவன் வயிற்றில் எதுவும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மருமகள் யாரையும் கேட்கவில்லை. தன் பையிலிருந்த வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டினாள். சர்க்கரை கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினாள். பிள்ளை சற்றே தெளிந்ததும் அவனோடு கீழே இறங்கிவிட்டாள். இருபது தீர்த்தங்கரர்கள் முக்தி பெற்ற அம்மலையின் சிகரத்தை நாங்கள் ஏழு பேரும் வணங்கித் திரும்பினோம். அவள் வணங்கவில்லை. திருமணமான நாள்முதல் அந்த யாத்திரைக்காகக் காத்திருந்தவள் அவள். இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

ஊர் திரும்பியபின் ஒரு நாள் தத்துவார்த்த சூத்திர உரையைப் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்கள் சொல்லப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுந்த பாரம் ஏற்றுதல், உண்டியும் நீரும் தடுத்தல் என்பவை அவை. பலமுறை படித்த பகுதிதான். உழவு மாட்டிற்கும் வண்டி மாட்டிற்கும் சொன்னதாகவே அதுவரை எண்ணியிருந்தேன். அன்று ஐந்தாவது குற்றத்தில் என் கண் நின்றுவிட்டது. பசித்த உயிருக்கு உணவைத் தடுப்பது விரதத்திற்கு இழுக்கு என்று ஆசாரியர் எழுதிவைத்திருக்கிறார். விரதத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு நான் அதையே செய்திருக்கிறேன்.

மற்றக் குற்றங்களும் நம் அடுக்களையில் நடப்பவையே. கால்களுக்கிடையில் குழந்தையை இடுக்கிப் பிடித்து வாயில் திணிக்கிறோமே, அது கட்டுதல். “விழுங்கு” என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டுகிறோமே, அது அடித்தல். வயிறு நிறைந்தது என்று தலையசைத்தபின்னும் “இன்னும் நான்கு வாய்” என்கிறோமே, அது மிகுபாரம் ஏற்றுதல். எறும்புக்கும் தீங்கு நினையாத நம் கை, பெற்ற பிள்ளையிடம் இவற்றைச் செய்கிறது. அன்பினால் செய்கிறோம் என்பதால் அதன் பெயர் மாறிவிடாது.

தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமான பதினாறு பாவனைகளில் ஒன்று, தன் ஆற்றலுக்கு ஏற்பத் தவம் செய்தல். அளவறிந்து செய்வதே தவம் என்று மிக உயர்ந்த நிலைக்குரிய பாவனையிலேயே கூறப்பட்டுள்ளது. சிராவகனுக்குரிய படிநிலைகள் பதினொன்று. அவற்றுள் இரவுணவைத் துறக்கும் விரதத்தை ஆறாம் படியாக இரத்தின கரண்டக சிராவகாசாரம் வைக்கிறது. நாம் பிறந்தது முதலே அதை வீட்டு வழக்கமாகக் கடைப்பிடிப்பது நம் சமூகத்தின் பெருமை. அப்பெருமை குலைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விரதம் என்பது அறிந்து, விரும்பி ஏற்பது. ஐந்து வயதுப் பிள்ளை எதையும் ஏற்கவில்லை, நாம்தான் ஏற்றோம். எனவே அதற்கான ஏற்பாட்டைச் செய்யும் சுமையும் நம்முடையதே. நம் விரதம் பிள்ளையின் பசியாக மாறாதபடி பார்த்துக்கொள்வது பெரியவர்களின் கடமை.

குழந்தைகள் ஏன் உண்ண மறுக்கின்றன என்பதற்கு மருத்துவம் தெளிவான விடை தருகிறது. மூன்று கிலோ எடையோடு பிறக்கும் குழந்தை முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ ஆறு கிலோ கூடுகிறது. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோதான் கூடுகிறது. வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. புதிய உணவைக் கண்டு அஞ்சுவதும் அவ்வயதின் இயல்பே. ஒரு புதிய சுவையைப் பத்து முறைக்கு மேலும் வற்புறுத்தாமல் காட்டிய பிறகே சில பிள்ளைகள் ஏற்கின்றன. இரண்டு நாள் தங்கும் ஊரில் அது எப்படி நடக்கும்? பயணம் புதிய உணவைப் பழக்கும் காலமாகாது. பழகியதைக் கொடுத்துக் காக்கும் காலம்.

அமெரிக்க உணவியல் அறிஞர் எல்லின் சாட்டர் 1980களில் ஒரு பகுப்பைச் சொன்னார். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு. நம் நெறிக்கு இது மிகவும் பொருந்துகிறது. கிழங்கில்லாத உணவு, பகலுணவு என்னும் வரம்பு நம் கையில். அவ்வரம்பிற்குள் எத்தனை கவளம் என்பது அதன் வயிற்றின் கையில்.

இனி, பட்டறிந்து கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, செல்லும் ஊரில் கதிரவன் மறையும் நேரத்தைப் புறப்படும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். ஒரு வாரத்திற்கு முன்பிருந்தே பிள்ளையின் மாலை உணவை நாளுக்குப் பத்து நிமிடம் முன்னே நகர்த்துங்கள். பசியும் பழக்கத்திற்குக் கட்டுப்படும்.

இரண்டாவது, மாலையில் ஒரே வேளையாகக் கொடுக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். 2.30 மணிக்குச் சிறிதளவு, கையலம்பும் நேரத்திற்கு முன் மீண்டும் சிறிதளவு. முதல் தட்டை மறுத்தாலும் இரண்டாவது வாய்ப்பு இருக்கும். இடையில் பிஸ்கட்டும் இனிப்பும் கொடுத்துப் பசியைக் கெடுக்காதீர்கள்.

மூன்றாவது, அரிசி, பயற்றம்பருப்பு, நெய், உப்பு, ஒரு சிறிய மின்சாரக் குக்கர் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்லுங்கள். தங்குமிடத்தில் இசைவு பெற்றுக் குழைந்த பருப்புச்சோறு ஆக்க அரைமணி நேரம் போதும். அவல், பொரியுருண்டை, பொட்டுக்கடலை உருண்டை, பேரீச்சை, சத்துமாவு ஆகியவை பல நாள் கெடாதவை. புளிச்சோறு முதல் நாளுக்கு உதவும். தயிர்ச்சோற்றை வெயிலில் நெடுநேரம் வைத்திருந்து கொடுக்க வேண்டாம்.

நான்காவது, அடைத்து விற்கும் தின்பண்டத்தில் பச்சைப் புள்ளி இருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தேன் இருந்தாலும் பச்சைப் புள்ளியே இருக்கும். உள்ளிருக்கும் பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தால் அதனிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தன் நெறியைத் தானே காக்கும் மகிழ்ச்சி அதற்குக் கிடைக்கும்.

ஐந்தாவது, எல்லாம் செய்தும் இரவில் பசித்தால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளை அழும்போது அதன் எதிரில் வாதிடாதீர்கள். எங்கள் வீட்டில், ஆறு வயது நிறையும்வரை பால் கொடுப்பது என்று முடிவு செய்துள்ளோம். உங்கள் வீட்டு முடிவு வேறாக இருக்கலாம். ஆனால் அம்முடிவில் குழந்தையின் தாய்க்கும் குரல் இருக்கட்டும்.

ஆறாவது, “உன் அத்தை மகன் எப்படிச் சாப்பிடுகிறான் பார்” என்று ஊரார் முன் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். நாணிய பிள்ளைக்கு இருக்கும் பசியும் போய்விடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பிள்ளை ஒரு வேளை குறைத்து உண்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நீரும் குடிக்காமல், வாய் உலர்ந்து, ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாமல், சோர்ந்து கிடந்தால் அந்நேரம் விதிகளைப் பேசும் நேரமன்று. நீர் புகட்டுங்கள்; மருத்துவரிடம் செல்லுங்கள். உயிரைக் காப்பதே அருகன் அறம்.

நான்கு தானங்களுள் உணவுதானத்தை நாம் போற்றுகிறோம். முனிவர் வாயிலில் வரும்போது எத்தனை பணிவோடு, அவர் கை குவித்து ஏற்கும் அளவுக்கு மட்டும் அளிக்கிறோம்! அவர் போதும் என்று கையை விலக்கினால் வற்புறுத்துகிறோமா? அப்பணிவில் ஒரு பங்கை வீட்டுக் குழந்தைக்கும் அளிப்போம்.

வரும் டிசம்பரில் எங்கள் குடும்பம் மீண்டும் சம்மேத சிகரம் செல்கிறது. பேரன் வளர்ந்துவிட்டான்; மாலை நான்கு மணிக்குத் தட்டைத் தானே எடுத்துவந்து அமர்கிறான். இப்போது பேத்திக்கு மூன்று வயது. அவளும் அண்ணனைப் போலவே மூன்று உணவுக்காரி. இம்முறை நான் மலையேறப் போவதில்லை. மதுவனத்தில் பேத்தியோடு தங்கி, விடிந்தபின் அவளுக்குப் பருப்புச்சோறு பிசைந்து ஊட்டுவேன். என் மருமகள் மலையேறிச் சிகரத்தை வணங்கி வருவாள்.

அறம் வளர்க. அனைத்துயிரும் பசியின்றி வாழ்க. ஜெய் ஜினேந்திரா.