மாளிகை விருந்தில் ஒரு மந்திரவாதி



ஆங்கில நாவலுலகில் கடந்த சில தசாப்தங்களாகச் செழித்துவரும் ஒரு வகையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன். பிரபுக்களின் மாளிகைகள், நடன விருந்துகள், கலியாணப் பேச்சுக்கள் என்பன ஒருபுறம். மந்திரமும் மாயமும் மறுபுறம். இவ்விரண்டையும் ஒரே கதையில் இழைத்துத் தரும் நாவல்கள் இவை. நான் இவற்றை விரும்பி வாசிப்பவன். "இதெல்லாம் பொழுதுபோக்கு, இலக்கியமல்ல" என்று ஒதுக்கும் நண்பர்களும் எனக்குண்டு. அவர்களையும் மனதிற் கொண்டே பேசுகின்றேன்.

முதலில் காலத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் நோயினால் ஆட்சி செய்ய இயலாதிருந்தபோது, 1811 முதல் 1820 வரை அவருடைய மூத்த மகன் அரசப் பிரதிநிதியாக விளங்கினார். இதனையே ரீஜன்சி காலம் என்பர். கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான 1815ஆம் ஆண்டிலேதான் வாட்டர்லூவில் நெப்போலியனும் வீழ்ந்தான். ஜேன் ஒஸ்ரினின் ஆறு நாவல்களும் அச்சேறியது இக்காலத்திலேயே. அவருடைய தம்பி சார்ள்ஸ் பிற்காலத்தில் கடற்படை அதிகாரியாகக் கீழைத்தேயம் வந்து, 1852இல் பர்மாவில் உயிர்நீத்து, நமது திருகோணமலையிலே அடக்கம் செய்யப்பட்டார். ஆகவே அந்த உலகம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஒஸ்ரின் தம் காலத்தை எழுதினார். அக்காலத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் மரபை இருபதாம் நூற்றாண்டில் ஜோர்ஜெற் ஹெயர் வளர்த்தெடுத்தார். அந்த மரபுக்குள் மந்திரத்தைக் கொண்டுவந்த முன்னோடி நாவல்களுள் ஒன்று, 1988இல் வெளிவந்த 'சோர்சரி அன்ட் செசீலியா'. பற்றீசியா ரீட், கரோலைன் ஸ்ரீவமர் என்ற இரு அமெரிக்கப் பெண்கள், கதையை முன்கூட்டித் திட்டமிடாமல், இரு பாத்திரங்களாகத் தம்மைப் பாவித்து ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். விளையாட்டாகத் தொடங்கிய அக்கடிதங்களே நாவலாயின. ஒருத்தி லண்டனில், மற்றவள் கிராமத்தில். நடுவே மந்திரம் ஏறிய ஒரு சொக்கலேற் பாத்திரம்!

இந்தக் கலவை ஏன் இத்தனை பொருத்தமாக அமைகின்றது? என் எண்ணம் இதுதான். மந்திரத்துக்கு விதிகள் உண்டு. ஒரு சொல் பிசகினால் ஆபத்து. அன்றைய விருந்து மண்டபத்துக்கும் விதிகள் உண்டு. யாரோடு ஆடலாம், யாருக்குக் கடிதம் எழுதலாம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. அங்கேயும் ஒரு சொல் பிசகினால் ஒரு பெண்ணின் வாழ்வே பாழ். இரண்டு உலகங்களும் ஒரே இலக்கணத்தில் இயங்குவதால், ஒன்று மற்றதைச் சிரமமின்றி ஏற்றுக்கொள்கிறது.

இவ்வகையின் சிகரம் சூசானா கிளார்க்கின் 'ஜொனதன் ஸ்ட்ரேஞ் அன்ட் மிஸ்டர் நொரெல்'. பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து எழுதிய இந்நாவல் 2004இல் வெளியாகி, மறு ஆண்டில் ஹியூகோ விருதைப் பெற்றது. 2015இல் பீ.பீ.சீ. இதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. பெரிய நூல், இல்லாத மந்திர நூல்களை மேற்கோள் காட்டும் அடிக்குறிப்புகள் ஏராளம். ஒஸ்ரினின் குறும்பு நடையிலேயே மந்திரவாதிகளின் சண்டையையும் சொல்லிச் செல்வார் கிளார்க்.

ஆனால் நெஞ்சில் நிற்பது வேடிக்கையல்ல. அரசாங்கத்தின் செல்வாக்கைப் பெறுவதற்காக, ஓர் அமைச்சர் மணக்கவிருந்த பெண்ணை நொரெல் சாவிலிருந்து மீட்கின்றார். அதற்கு விலையாக அவளுடைய ஆயுளிற் பாதியை ஒரு மாய உலகத்தவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகின்றார். அவளை யாரும் கேட்கவில்லை. இரவு தோறும் அவள் மாய மாளிகையில் ஆடியே தீரவேண்டும். பகலில் தன் துயரைச் சொல்ல வாயெடுத்தால், சம்பந்தமில்லாத ஏதோ கதைதான் வாயில் வருகிறது. கேட்போர் அவளைப் பைத்தியம் என்கின்றனர். அதே வீட்டின் கறுப்பினப் பணியாளன் ஸ்டீபன் பிளாக்குக்கும் அதே கதி. மணப்பெண்ணும் வேலைக்காரனும் பேச முடியாத வீடு அது. மந்திரம் இல்லாமலே அன்றைய மாளிகைகளில் நடந்ததை, மந்திரத்தால் கண்முன் நிறுத்துகின்றார் ஆசிரியர்.

மேரி ரொபினெற் கோவாலின் 'ஷேட்ஸ் ஒஃப் மில்க் அன்ட் ஹனி' 2010இல் வந்தது. இதிலே மாயக்கலை, பியானோவையும் சித்திரத்தையும் போல, நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்கவேண்டிய கலைகளில் ஒன்று. வரவேற்பறையை அழகுபடுத்த உதவும். அளவு மீறினால் மயக்கம் வரும். அழகில்லாத, ஆனால் கைத்திறன் மிக்க மூத்த சகோதரி ஜேனின் தவிப்பு, மாப்பிள்ளை தேடி அலுத்த எந்த வீட்டுக்கும் விளங்கும்.

மலேசியாவிற் பிறந்த சென் சோ, 2015இல் 'சோர்சரர் டு த குரவுன்' என்ற நாவலை எழுதினார். அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஓர் ஆபிரிக்க இளைஞன் அதிலே அரச மந்திரவாதியாகின்றான். பெண்பிள்ளைகளுக்கு மந்திர சக்தியை அடக்கிவைக்கவே கற்பிக்கும் ஒரு பள்ளியும், அதில் வளர்ந்த, இந்தியத் தொடர்புள்ள ஒரு துணிச்சற்காரியும் வருகின்றார்கள். குடியேற்ற நாடுகளின் மக்கள் பின்கதவால் அல்ல, முன்வாசலால் மாளிகைக்குள் நுழைகின்றனர்.

"அடிமை வியாபாரத்தில் வந்த பணத்தில் நடந்த விருந்துகளை அழகுபடுத்துவதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டுத்துணியையும் குதிரை வண்டியையும் மட்டும் காட்டி நின்றுவிடும் நாவல்களும் இருக்கின்றன. அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் நல்ல நாவல் அந்த விருந்தின் செலவை யார் சுமந்தார் என்று கேட்கின்றது. கேட்டுக்கொண்டே நம்மைச் சிரிக்கவும் வைக்கின்றது. அந்த இன்பத்துக்காக நான் வெட்கப்படத் தேவையில்லை என்றே கருதுகின்றேன்.

இவ்வகைக்குப் புதியவர்கள் கோவாலின் சிறிய நாவலிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் ஒஸ்ரினின் ஒரு நாவலையாவது வாசித்திருந்தால், சுவை இரட்டிப்பாகும். கிளார்க்கின் பெருநூலை ஒரு நீண்ட விடுமுறைக்காக வைத்திருங்கள். வாசிக்கும்போது மந்திரவாதிகளை மட்டும் பார்க்காதீர்கள். தேநீர் கொண்டுவருபவனின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.