இலை உதிர்த்த ஆராய்ச்சி

பால் கூடுவதற்காக ரப்பர் மரப்பட்டையில் மருந்து பூசுவது தோட்டத்தில் வளர்ந்த நமக்குப் புதிதல்ல. எத்தஃபோன் வருவதற்கு முன் அப்படிப் பூசியவற்றில் 2,4,5-டி என்பதும் ஒன்று. அதே மருந்துதான் வியட்நாம் போரில் விமானங்களிலிருந்து தெளிக்கப்பட்டுக் காடுகளை மொட்டையாக்கிய கலவையிலும் இருந்தது.

இலை உதிர்க்கும் ஆராய்ச்சிக்கு ஒரு மாணவரும் காரணம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கால்ஸ்டன், சோயா அவரையைச் சீக்கிரம் பூக்க வைக்க வழி தேடினார். அவர் கையாண்ட இரசாயனம் பூக்க வைத்தது; அளவு மிஞ்சினால் இலையை உதிர்த்தது. 1943-இல் ஆய்வேட்டில் இரண்டையும் எழுதினார். இராணுவ விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்தது இரண்டாவதுதான்! வேறு இரசாயனங்களைக் கொண்டு அதை வளர்த்தார்கள். பிற்பாடு வியட்நாமில் நடப்பதை அறிந்த கால்ஸ்டன், மற்ற விஞ்ஞானிகளோடு சேர்ந்து எதிர்த்தார். 1971-இல் தெளிப்பு நின்றது.

நம் பிள்ளைகளும் இன்று ஆய்வுக்கூடங்களில் இருக்கிறார்கள். ஆகையால் மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வியூக வாணிபச் சட்டத்தை நாமும் அறிந்திருப்பது நல்லது. தொழிலுக்கும் போருக்கும் பயன்படும் பொருள்களுக்கு அதில் பட்டியல் உண்டு. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும். பீப்பாய்க்கு மட்டுமல்ல, செய்முறையை மின்னஞ்சலில் அனுப்புவதற்கும் அப்படித்தான். ஆனால் எல்லாரும் படிக்க வெளியிடப்பட்ட அறிவை அது தடுப்பதில்லை. தடுத்தால் படிப்பே நின்றுபோகும். கால்ஸ்டனின் ஏடு இன்று வெளிவந்தாலும் சட்டத்தில் சிக்காது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவரோ பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் தாவர இயலோடு அறநெறியும் கற்பித்தார்.