துண்டுச் சீட்டும் விளையாட்டுப் பிள்ளைகளும்

(கோரிமேட்டில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



கூலி, பஞ்சப்படி, பாக்கி கிராஜுவிட்டி என்று பேச வேண்டியவன் இன்று பந்து விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்களைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அவர்களில் நாலைந்து பேர் காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு வந்தவர்கள். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். ஒரு கல்லூரியில் விளையாட்டுக்காகச் சேர்ந்த பிள்ளை, அங்கே சரிப்படவில்லை என்று வேறு கல்லூரிக்குப் போனால் அவனுக்குத் தண்டனை உண்டா? ஒரு மாநில அணியை விட்டு இன்னொரு மாநில அணிக்குப் போனால், ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டுமா?

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு பொழுதுபோக்கு. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது பீஸ் இல்லாத சீட்டு, விடுதிச் சாப்பாடு, நாளைக்கு ரயில்வேயிலோ போலீசிலோ பட்டாளத்திலோ ஒரு உத்தியோகம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே எடுக்கும் வயது 18 முதல் 25 வரை. அதுவும் அண்மை வருஷங்களில் வாங்கிய சான்றுகளைத்தான் கேட்கிறார்கள். அப்படியிருக்க, 20 வயதுப் பையனை ஒரு வருஷம் சும்மா உட்கார் என்றால் என்ன அர்த்தம்? அவன் வாழ்நாளில் இருக்கிற ஐந்தாறு வருஷத்தில் ஒன்றைப் பிடுங்கிக் கொள்கிறார்கள். முதலாளி மகனுக்கு ஒரு வருஷம் போனால் ஒரு வருஷம்தான். நடவு நட்டுப் படிக்க வைத்த தாயின் மகனுக்கு அது ஒரு வேலை.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவனைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அப்பன் மில் மூடியபின் மூட்டை தூக்குகிறவர். பையன் வாலிபால் ஆடுவான். ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் வீட்டுக்கே வந்து, பீஸ் இல்லை, சாப்பாடு எங்கள் பொறுப்பு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் ஆடினான். அவனை வளர்த்த கோச், அதிகச் சம்பளம் கிடைத்தது என்று வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். கோச் போனதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. புதிதாக வந்தவர் இவனை வெளியே உட்கார வைத்தார். முழங்கால் வலி வேறு. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரிக்கு மாறுகிறேன் என்றான். என்ன பதில் தெரியுமா? இரண்டு வருஷத்துப் பீசையும் கட்டு, அப்புறம் சர்டிபிகேட்டை வாங்கிக்கொள். ஆள் மட்டும் வெளியே வந்தான், சர்டிபிகேட்டுகள் அவர்கள் பீரோவில்.

இதை என்னிடம் சொன்னபோது எனக்கு இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களின் 'துண்டு' ஞாபகம் வந்தது. நம் ஜில்லாக்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரன்மார் இங்கேயும் இருப்பீர்கள். கங்காணி முன்பணம் கொடுத்துத்தான் ஆளைக் கப்பலேற்றுவான். தோட்டத்தில் சேர்ந்த பிறகு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், துரையிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டத்துரை அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுப்பான். கட்டிய பணம் மறுபடி தொழிலாளி தலையில் கடனாக ஏறும். ஆள் மாறினான், கடனும் கூடவே போனது. 1921-ல்தான் சட்டத்தால் அதை ஒழித்தார்கள். தஞ்சாவூர் மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர்களின் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று விளையாட்டுச் சங்கங்கள் கேட்கிற 'ஆட்சேபணை இல்லாச் சான்று' இருக்கிறதே, அது அந்தத் துண்டின் தம்பிதான். கொஞ்சம் வெள்ளைக் காகிதம், கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்.

நம் ஊர் விஷயத்துக்கே வருகிறேன். இந்தக் கோரிமேட்டிலிருந்து திண்டிவனம் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். 1954 வரை அந்தப் பக்கம் இந்தியா, இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. இன்றைக்கு வேலி இல்லை, ஆனால் விளையாட்டில் கோடு இருக்கிறது. பட்டானூரில் பிறந்த பையன் விழுப்புரம் ஜில்லாக்காரன். அவன் அம்மா ஜிப்மரில் துப்புரவு வேலை செய்வாள், அவன் புதுச்சேரியில் படிப்பான், புதுச்சேரி மைதானத்தில் ஆடுவான். எந்த அணி அவன் அணி? காகிதத்தில் கோடு போட்டவனுக்கு இது தெரியாது.

2018-ல் ரஞ்சிக் கோப்பையில் புதிதாக 9 அணிகளைச் சேர்த்தார்கள். அதில் புதுச்சேரியும் ஒன்று. நம் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். பிறந்த ஊராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வருஷமாவது இங்கே குடியிருந்தோ, படித்தோ, வேலை பார்த்தோ இருக்க வேண்டும் என்பது கிரிக்கெட் போர்டின் விதி. ஆனால் அந்த வருஷம் செப்டம்பரில் விஜய் ஹசாரே போட்டிக்குப் புறப்பட்ட அணியில் வெளியூர் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கூச்சல் கிளம்பியது. உடனே 8 பேருடைய பதிவை ரத்துச் செய்தார்கள். பதிவு செய்ததும் போர்டு, ரத்துச் செய்ததும் போர்டு. இடையில் பழைய சங்கத்தை விட்டு வந்து, புதுச் சங்கத்திலும் இடமில்லாமல் நின்றது யார்? ஆட்டக்காரர்கள். அதே சீசனில் பரஸ் டோக்ரா, பங்கஜ் சிங், அபிஷேக் நாயர் என்ற பெயர் பெற்ற மூவர் புதுச்சேரிக்கு ஆடினார்கள். 'தொழில்முறை ஆட்டக்காரர்' என்ற கணக்கில் வந்ததால் அவர்களுக்குக் காத்திருக்கும் விதி இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல ஆட்டக்காரர்கள். பெயர் பெற்றவனுக்கு ஒரு கதவு, பெயர் பெறாதவனுக்கு ஒரு கதவு என்பதைத்தான் சொல்கிறேன்.

கால்பந்தில் 2024-ல் நடந்ததையும் கேளுங்கள். அன்வர் அலி என்ற வாலிபர் கல்கத்தாவில் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். செப்டம்பர் மாதம் அகில இந்திய ஃபெடரேஷனின் கமிட்டி அவருக்கு 4 மாதத் தடை போட்டது. அவரும், ஈஸ்ட் பெங்காலும், டில்லி கிளப்பும் சேர்ந்து 12 கோடியே 90 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றது. டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில நாட்களிலேயே அந்த உத்தரவு வாபஸ் ஆகி, மறு விசாரணை என்றார்கள். கோடி ரூபாய் ஆட்டக்காரருக்கு வக்கீல் கிடைத்தார். நம் வாலிபால் பையனுக்கு?

இது இங்கே மட்டும் உள்ள வியாதி என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆளைப் பிடித்து வைக்கும் விதி கிளப்களுக்கு இருந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற கால்பந்து ஆட்டக்காரர் 1960-ல் நியூகாசில் கிளப்போடு சண்டை போட்டு, ஆட்டத்தை விட்டுவிட்டுக் கார்க் விற்கப் போனார். ஆட்டக்காரர்களின் யூனியன் அவருக்குப் பின்னால் நின்றது. வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் சம்பளம் கிடையாது என்ற உச்சவரம்பு, வேலைநிறுத்த எச்சரிக்கையால் 1961 ஜனவரியில் உடைந்தது. 1963-ல் நீதிமன்றம், பிடித்து வைக்கும் விதி நியாயமற்றது என்று தீர்ப்புச் சொன்னது.

பெல்ஜியத்தில் போஸ்மான் என்பவர், 1990-ல் ஒப்பந்தம் முடிந்து பிரான்சில் உள்ள டன்கர்க் கிளப்புக்குப் போகப் பார்த்தார். பழைய கிளப் விடவில்லை. சம்பளத்தைக் கால்வாசியாக வெட்டியது. வழக்கு 5 வருஷம் நடந்தது. 1995 டிசம்பர் 15-ல் வென்றார். அதற்குள் அவருடைய ஆட்ட வயது போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் லட்சம் லட்சமாகச் சம்பாதித்தார்கள். நம் யூனியன்களிலும் இப்படி எத்தனை பேர்!

கல்லூரி விஷயத்துக்கு நேரான உதாரணம் அமெரிக்கா. அங்கே கல்லூரிப் பந்தாட்டம் பெரிய வியாபாரம். டிக்கெட், டெலிவிஷன், கோச்சுக்குக் கோடி கோடியாகச் சம்பளம். ஆடுகிற பையனுக்கு மட்டும் வெகுகாலம் படிப்புச் செலவுதான். முக்கியமான ஆட்டங்களில் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடக்கூடாது. கோச் மாறினால் மறுநாளே வேலை பார்க்கலாம். மேஸ்திரி மில் மாறலாம், தொழிலாளி மாறினால் ஒரு வருஷம் பட்டினி என்பது போல. 2021-ல் ஒரு முறை மட்டும் தண்டனையில்லாமல் மாறலாம் என்றார்கள். 2023 டிசம்பரில் ஃபெடரல் நீதிமன்றம் மிச்சமிருந்த தடையையும் நிறுத்தி வைத்தது. 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதியே மாறியது.

இங்கே ஒரு தோழர் கூட்டம் ஆரம்பிக்குமுன் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, எல்லாரும் இஷ்டத்துக்கு மாறலாம் என்றால், பணக்காரக் கல்லூரி நல்ல பிள்ளைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாதா? நம் ஊர் அணியில் வெளியூர்க்காரனே நிறைந்தால் நம் பிள்ளைகள் எங்கே ஆடுவது?" என்றார். நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழித்துப் பேசினால் நான் உங்களை ஏமாற்றுகிறவன். அமெரிக்காவில் அதுவும் நடக்கிறது. 2025-26-ல் ஒரு கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்து கொடுக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். அவ்வளவு கொடுக்கக் கூடிய கல்லூரி எத்தனை? மாறுகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு, எங்கேயும் இடம் கிடைக்காமல் உதவித்தொகையையும் இழந்து நிற்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆனால் இதற்கு மருந்து என்ன? பிள்ளையின் காலைக் கட்டுவதா? வெளியூர் ஆட்கள் இத்தனை பேருக்கு மேல் அணியில் கூடாது என்று சங்கத்துக்கு வரம்பு போடு. மீறினால் சங்கத்துக்கு அபராதம் போடு, கையெழுத்துப் போட்ட அதிகாரியை நீக்கு. வந்த பையனை நடுவில் தூக்கி எறியாதே. உள்ளூர்ப் பிள்ளைக்கு மைதானமும் கோச்சும் கொடுத்தால், வெளியிலிருந்து ஆள் கொண்டுவரும் ஆசையே பாதி குறையும்.

வளர்த்த இடத்துக்குச் செலவு உண்டே என்றால், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏழைப் பள்ளிக்கூடத்தில் வெயிலில் நின்று பழக்கிய டிரில் மாஸ்டருக்கு ஒன்றுமில்லை, கடைசியில் வாங்கிய கல்லூரிக்கு எல்லாப் பெயரும் என்பது அநியாயம்தான். உலகக் கால்பந்து சம்மேளனத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆட்டக்காரன் பணத்துக்கு மாறும்போது அந்தத் தொகையில் 5 சதவீதம், அவன் 12 வயது முதல் 23 வயது வரை பழகிய கிளப்களுக்குப் பங்காகப் போக வேண்டும். கட்டுவது வாங்குகிற கிளப், ஆடுகிறவன் அல்ல. அந்த மாதிரி ஏற்பாட்டை இங்கேயும் செய்யலாம். பணமுள்ள கல்லூரி, பையனை வளர்த்த சர்க்கார் பள்ளிக்கு நாலு பந்தும் ஒரு வலையும் வாங்கிக் கொடுத்தால் குடி முழுகிப் போகாது.

இரண்டு வருஷம் சோறு போட்டோமே என்கிறது அந்தக் கல்லூரி. போட்டீர்கள். அவன் வாங்கிய கோப்பை உங்கள் ஆபீசில்தானே இருக்கிறது? அவன் படத்தைப் போட்டு, சேர்க்கை நடைபெறுகிறது என்று பேனர் கட்டினீர்களே, அதற்குக் கூலி போட்டால் கணக்கு யார் பக்கம் நிற்கும்?

சர்டிபிகேட்டை வைத்துக்கொள்ளச் சட்டமும் இல்லை. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. பீஸ் பாக்கியைப் பள்ளி மாற்றுச் சான்றிதழில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் அந்தப் பையனின் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. மேஜைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு முறை போய், இரண்டு முறையும் பிரின்சிபால் இல்லை என்று திரும்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை மூன்றாம் முறை போகிறார். இந்தத் தடவை தனியாக இல்லை. மனு எழுதியாகிவிட்டது, மானியக் குழுவின் அறிவிப்பு நகலும் அதோடு இருக்கிறது. காலை 8 மணிக்குக் கோரிமேடு பஸ் நிறுத்தத்தில் கூடுகிறோம். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்கள் தூங்கப் போகலாம், மற்றவர்கள் வாருங்கள். பையனும் வருவான். முழங்காலில் கட்டுப் போட்டிருக்கிறான், பஸ்ஸில் அவனுக்கு உட்கார ஒரு இடம் பிடித்துக் கொடுங்கள்.