நிழலின் நீலம்

நிலக்காட்சிப் படத்தில் நிறத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். நடுப்பகல் வெயிலின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். சூரியன் அடிவானத்துக்கு இறங்கும்போது கதிர்கள் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகின்றன. நீலம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. வெயில் விழாத பாறைக்கோ பெரும்பாலும் நீலவானம்தான் விளக்கு. அதனால் நிழலில் நீலம் ஏறியிருக்கும். மூளை அதைச் சரிக்கட்டிக்கொள்வதால் கண்ணுக்கு அது எளிதில் தெரிவதில்லை. ஃபிலிமில் அப்படியே பதிந்துவிடும்.

அந்த நீலத்தைக் குறையாகக் கருதாமல் காட்சியின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் எலியட் போர்ட்டர். ஹார்வர்டில் மருத்துவம் படித்து, அங்கேயே ஆய்வும் ஆசிரியப் பணியும் செய்தவர்; பிறகு அதை விட்டுவிட்டுக் கேமராவோடு வாழ்ந்தார். வண்ணப்படத்தைக் கலையுலகம் பெரிதாக மதிக்காத காலம் அது. 1962இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப் வெளியிட்ட அவருடைய நூலில் நியூ இங்கிலாந்துக் காடுகள் எழுத்தாளர் தோரோவின் எழுத்தோடு இணைந்து வந்தன. மேகமூட்டமான நாள்களை அவர் விரும்பினார். வெயிலின் பளபளப்பு இல்லாதபோதுதான் இலை தன் முழு நிறத்தையும் காட்டுகிறது.

அவருடைய கிளென் கேன்யன் படங்கள் இன்னும் நுட்பமானவை. கொலராடோ ஆறு அறுத்த அந்தச் செம்மணற்கல் பள்ளத்தாக்கில், ஒரு சுவரில் விழுந்த வெயில் செம்மையேறி எதிர்ச்சுவரின் நிழலுக்குள் போய்ப் படியும். கீழே ஈரப்பாறையில் வானத்தின் நீலம் மின்னும். இரண்டு நிறமும் ஒரே படத்தில் அருகருகே நிற்கின்றன. 1963இல் படங்கள் நூலாக வந்தன. அதே ஆண்டு அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய அணை மூடப்பட்டு, பள்ளத்தாக்கில் நீர் ஏறத் தொடங்கியது.

நிறத்தைக் கூட்டிக்காட்டுகிறார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. அவர் கையாண்ட டை டிரான்ஸ்ஃபர் அச்சுமுறையில் ஒவ்வொரு சாயத்தையும் தனியே கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது உண்மை. ஆயினும் அந்தப் படங்களின் நீலத்துக்கும் செம்மைக்கும் மூலம் அந்த இடத்து வெளிச்சமே. வெளிச்சத்தில் இல்லாததைச் சாயத்தால் கொண்டுவரும்போதுதான் படம் பொய்யாகிறது.

டிஜிட்டல் கேமராவில் நிறம் தவறுவது பெரும்பாலும், வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸில் தொடங்குகிறது. அதை ஆட்டோவில் விட்டால், அந்தியின் பொன்னிறத்தைப் பிழையென்று எடுத்துக்கொண்டு கேமரா வெளுக்கச் செய்துவிடக்கூடும். பகல்வெயில் அளவில் நிறுத்திவைத்தால் காலையும் மாலையும் தத்தம் நிறத்தோடு வரும். ஈர இலையின் மினுக்கத்தைக் குறைக்கப் போலரைசர் ஃபில்டர் உதவும். அகலக்கோண லென்ஸில் அதுவே வானத்தைத் திட்டுத்திட்டாகக் கருக்கச் செய்யும். கணினியில் நிறச்செறிவை (சாச்சுரேஷன்) ஏற்றும்போது முதலில் கவனிக்க வேண்டியது புல்லை. இயற்கையில் புல்லின் பச்சை பெரும்பாலும் மஞ்சள் கலந்தது, அடங்கியது. அளவு மீறியதை அது உடனே காட்டிக்கொடுக்கும்.